பயத்துக்குச் சிகிச்சை: புதிய ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் புதிதாகச் சேரும் மனநல ஆலோசகர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கார் பறிப்பு, வீடு புகுந்த கொள்ளை, கடையில் துப்பாக்கி என்று ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் நம் மக்கள் நிறைந்த புறநகர்களான சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் மக்கள் எங்களிடம் வருகிறார்கள். புதியவர்கள் விழும் குழிகள் எங்கள் தலைமுறை விழுந்து எழுந்த அதே குழிகள்தான். நேரம் தவறுவது, பெயரை மாற்றிச் சொல்வது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை.

பயம் தணிந்தால் அழிந்துவிட்டது என்று நினைப்பது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது. "அக்கா, அவருக்குச் சரியாகிவிட்டது. கோப்பை மூடிவிட்டேன்" என்று ஓர் இளம் ஆலோசகர் உற்சாகமாக வந்து சொன்னார். அவர் சொன்னது ஒரு கடைக்காரரைப் பற்றி. மாலையில் வீட்டு கேட் திறக்கக் காத்திருந்தபோது துப்பாக்கி முனையில் காரைப் பறிகொடுத்தவர். அதன் பிறகு ரிமோட்டை அழுத்தி, இரும்புக் கதவு கரகரவென்று நகரத் தொடங்கினாலே அவருக்கு உள்ளங்கை வியர்த்து மூச்சு முட்டும். ஆலோசகர் அந்தச் சத்தத்தைக் கைபேசியில் பதிவு செய்து, எங்கள் அறையில் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தார். பத்துக்கு ஒன்பதாக இருந்த பயம் இரண்டுக்கு இறங்கியது.

முறையில் குற்றமில்லை. அறையோடு நிறுத்தியதுதான் குற்றம். அதே மாதம் ஒரு மாலை, அந்த மனிதர் ரிமோட்டை அழுத்தத் துணியாமல் தெருவைச் சுற்றிச் சுற்றிக் காரை ஓட்டிக்கொண்டிருந்தார். 'இந்தச் சிகிச்சையெல்லாம் வீண்' என்று முடிவு கட்டிவிட்டார். எங்கள் தொலைபேசி அழைப்பையும் அதன் பிறகு எடுக்கவில்லை.

ஏன் இப்படி ஆகிறது? கேட் சத்தமும் துப்பாக்கி தந்த அதிர்ச்சியும் மூளையில் ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டலாவின் பக்கவாட்டில் ஒரே நரம்பணுக்களை வந்தடைகின்றன. அந்த நரம்பணுக்களில் செய்தியை வாங்கும் வாசல் போன்ற புரதம் ஒன்று உண்டு, பெயர் என்எம்டிஏ ஏற்பி. அதன் வாயை வழக்கமாக ஒரு மக்னீசியம் அயனி அடைத்திருக்கும். அதிர்ச்சி அந்த நரம்பணுவைப் பலமாகத் தூண்டினால் அடைப்பு விலகும். சத்தம் கொண்டுவரும் குளூட்டமேட் என்ற செய்தி வேதிப்பொருளும் அதே சமயத்தில் வந்து சேர்ந்தால் கால்சியம் உள்ளே பாயும். விளைவாக அந்தச் சினாப்ஸில், அதாவது நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில், ஆம்பா என்ற இன்னொரு வகை ஏற்பிகள் கூடி இணைப்பு வலுக்கும். அடுத்த சில மணி நேரத்தில் புதிய புரதங்கள் உருவாகி மாற்றம் நிலைபெறும். பிறகு துப்பாக்கி வேண்டாம், சத்தமே போதும்.

அறையில் கொடுக்கும் பயிற்சி இந்த இணைப்பைப் பெரும்பாலும் கலைப்பதில்லை. 'இங்கே இந்தச் சத்தத்தால் ஆபத்தில்லை' என்று மூளை இன்னொரு பாடம் படிக்கிறது. அதற்கும் அதே ஏற்பி வேண்டும்: 1992-இல் எலிகளின் அமிக்டலாவில் என்எம்டிஏ ஏற்பியைத் தடுத்துவைத்து இந்தப் பயிற்சியைக் கொடுத்தபோது பயம் தணியவில்லை. வெறும் மறதியாக இருந்தால் தடுத்தும் தணிந்திருக்க வேண்டுமே. புதிய பாடம் நெற்றிப்பக்க மூளையின் துணையோடு அமிக்டலாவை அடக்குகிறது. எந்த இடத்தில் எந்தப் பாடம் செல்லும் என்பதில் இடங்களை நினைவில் வைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு கூண்டில் பயம் தணிந்த எலி, வேறு கூண்டில் அதே ஒலியைக் கேட்டு உறைந்து நிற்கும். கடைக்காரருக்கு நடந்ததும் இதுதான்.

ஆகவே அறையில் தொடங்குங்கள், அங்கேயே முடிக்காதீர்கள். நிறுத்திவைத்த காருக்குள், பிறகு உறவினர் வீட்டு கேட்டில், பிறகு சொந்த வீட்டில் பகலில், கடைசியாக அந்தி நேரத்தில். துணைக்கு ஒருவர் தெருவைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும். பின்கண்ணாடியைப் பார்த்துவிட்டு ரிமோட்டை அழுத்தும் பழக்கத்தை மட்டும் விடச் சொல்லாதீர்கள். சாட்ஸ்வர்த்தில் அது விவேகம்.

அமிக்டலாதான் பயத்தின் இருப்பிடம் என்று விளக்குவது

இரு பக்க அமிக்டலாவும் சிதைந்த, எஸ்.எம். என்று மட்டும் அறியப்படும் அமெரிக்கப் பெண் பாம்பைக் கையில் எடுக்கத் தயங்காதவர். கரியமில வாயு கலந்த காற்றை உள்ளிழுத்தபோது அவரும் பீதியில் திணறினார் என்று 2013-இல் வெளியானது. அமிக்டலா இல்லாமலும் பயம் வரும் என்பதே பொருள்.

அன்றிரவே மாத்திரை

சம்பவம் நடந்த வீட்டுக்கு வரும் ஆன்ட்டி ஒருவர் கைப்பையைத் திறந்து நரம்பு மாத்திரை நீட்டுவது நம் மக்களிடையே வழக்கம். நீங்களும் தலையாட்டாதீர்கள். முதல் மாதத்தில் அதிர்ச்சிக்கு மருந்தாகப் பென்சோடயசிபீன் என்ற அமைதியூட்டும் மாத்திரை வகை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இலேயே சொல்லிவிட்டது.

குறுக்கு வழி மருந்து தேடுவது

ஒவ்வோர் ஆண்டும் யாராவது டி-சைக்ளோசெரின் பற்றிப் படித்துவிட்டு வருவார்கள். மருந்துக்கு அடங்காத காசநோய்க்குக் கொடுக்கப்பட்டு வந்த பழைய மருந்து அது. என்எம்டிஏ ஏற்பியின் வேலையை எளிதாக்கும். உயரத்தைக் கண்டு அஞ்சுபவர்களுக்கு மெய்நிகர் பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தபோது பலன் தந்தது என்று 2004-இல் ஓர் ஆய்வு வந்தது. பிந்தைய ஆய்வுகளில் அந்தப் பலன் சிறுத்துப்போனது. பயம் தணியாமலே முடிந்த அமர்வோடு சேர்ந்தால் அது பயத்தையே வலுப்படுத்தவும் கூடும். ஏற்பி பாடத்தை மட்டுமே பதிக்கும். நல்லதா கெட்டதா என்று பார்க்காது.

நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும் என்று முதல் நாளே வற்புறுத்துவது

வேண்டாம்.

தீபாவளியை மறப்பது

காலம் கடந்தாலே தணிந்த பயம் தானாகத் தலைதூக்குவதுண்டு. அதோடு ஃபீனிக்ஸ் தெருக்களில் இரவெல்லாம் வெடிச்சத்தமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். துப்பாக்கிச் சூட்டில் சிக்கியவர்களுக்குத் தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்னதாகவே பயம் தணிந்த பாடத்தை நினைவூட்டும் அமர்வுகளைக் குறித்துவிடுங்கள்: முதலில் பதிவு செய்த வெடிச்சத்தம், சிறிய ஒலியில், அவரவர் வீட்டுக் கூடத்திலேயே.