பிரெஞ்சில் எழுதப் பழக்குவது எப்படி: கீபோர்டிலிருந்து தொடங்குவோம்

அடையாறில் வீட்டிலேயே பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறேன். பெரும்பாலும் பிளஸ் ஒன் பிள்ளைகள். இரண்டு பேர் டெல்ஃப் ஏ2 என்ற பிரெஞ்சு மொழித் திறன் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அதில் எழுத்துப் பகுதிக்கு 45 நிமிடம். இரண்டு பதில்கள், ஒவ்வொன்றும் குறைந்தது 60 சொற்கள். வாய்விட்டுப் பேசும் பிள்ளைகள்கூட எழுதச் சொன்னால் உடனே மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்துவிடுகிறார்கள். அதை நிறுத்த எனக்கு உதவிய வழி இது.

முதல் படி: கீபோர்டு

விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், டைம் அண்ட் லாங்குவேஜ், லாங்குவேஜ் அண்ட் ரீஜன் போய், உங்கள் ஆங்கிலத்துக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி லாங்குவேஜ் ஆப்ஷன்ஸைத் திறங்கள். அங்கே யுனைடெட் ஸ்டேட்ஸ்-இன்டர்நேஷனல் கீபோர்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சு கீபோர்டு வேண்டாம். எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும், பிள்ளைகள் மிரண்டுவிடுவார்கள்.

இதில் அபாஸ்ட்ரபியைத் தட்டி ஆங்கில 'இ' தட்டினால் அதன் மேலே ஆக்சான் தேகு என்ற சாய்கோடு வந்துவிடும். அபாஸ்ட்ரபிக்குப் பின் 'சி' தட்டினால் கீழே செதீய் என்ற சின்ன வால் முளைக்கும். இவ்வளவு சுலபமா என்று நினைத்து நான் வகுப்பைத் தொடங்கிய அன்றே சிக்கல் வந்தது. 'ழே' என்று எழுத ஜே, அபாஸ்ட்ரபி, ஏ, ஐ என வரிசையாகத் தட்டினால் அபாஸ்ட்ரபி காணாமல் போய் 'ஏ' தலையில் கோடு ஏறிக்கொள்கிறது. 'செ' (சி, அபாஸ்ட்ரபி, இ, எஸ், டி) எழுதினாலும் அதே கதை. கீபோர்டு கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது: அபாஸ்ட்ரபிக்குப் பிறகு ஒருமுறை ஸ்பேஸ் தட்ட வேண்டும். இடைவெளி விழாது, குறி மட்டும் நிற்கும். 'லெகோல்' (பள்ளிக்கூடம்) என்ற சொல்லில் அபாஸ்ட்ரபியும் வேண்டும், ஆக்சானும் வேண்டும்: எல், அபாஸ்ட்ரபி, ஸ்பேஸ், மறுபடி அபாஸ்ட்ரபி, இ. இந்த ஒரு சொல்லைப் பத்து முறை அடிக்க வையுங்கள், கை பழகிவிடும்.

இரண்டாம் படி: கூகுள் டாக்ஸ்

ஃபைல் மெனுவில் மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றுங்கள். டூல்ஸ், பிரிஃபரன்சஸில் எழுத்துப்பிழையைத் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். மாணவரின் கணக்கிலேயே இதைச் செய்யுங்கள்.

நான் எதையும் திருத்தித் தருவதில்லை, கமென்ட் மட்டும் போடுவேன். ஒரு மாணவி 'நேற்று மெரினாவுக்குப் போனேன்' என்பதற்கு 'ழே அலே' என்று எழுதியிருந்தாள். 'துணைவினையைப் பார்' என்று குறித்தேன். 'ழ சுயி அலே' என மாற்றினாள். 'எழுதுவது பெண்தானே?' என்று அடுத்த குறிப்பு. பெண்பாலைக் காட்டும், காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியாத அந்தக் கடைசி 'இ'யை அவளே சேர்த்தாள். வெர்ஷன் ஹிஸ்டரியில் மூன்று வடிவங்களையும் திறந்து பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாம் படி: பான்பட்ரோன்

எழுதி முடித்தபின் பான்பட்ரோன் தளத்தில் ஒட்டச் சொல்கிறேன். தவறு இருக்கும் இடத்தைக் காட்டி, காரணத்தையும் சொல்லும். விடையைத் தானாகப் போட்டுவிடாது. ஒரே சொடுக்கில் திருத்தித் தரும் கருவிகளைவிட இதுவே எனக்குப் பிடித்தது. எல்லாத் தவறையும் இது பிடித்துவிடாது, அதனால் நீங்களும் ஒருமுறை படியுங்கள்.

பின்சேர்க்கை: போனில் ஏயும் க்யூவும் இடம் மாறி வருகிறது என்று இரண்டு வாசகர்கள் எழுதியிருந்தார்கள். ஜிபோர்டு என்ற கூகுள் கீபோர்டில் பிரெஞ்சைச் சேர்க்கும்போது பிரெஞ்சு எழுத்து வரிசையான அஸெர்ட்டிதான் முதலில் நிற்கும், நமக்குப் பழகிய ஆங்கில வரிசையான க்வெர்ட்டியைத் தேர்ந்தெடுங்கள். 'இ'யை அழுத்திப் பிடித்தால் ஆக்சான்கள் வரிசையாக வரும். ஆட்டோ கரெக்‌ஷனை இங்கேயும் அணைத்துவிடுங்கள்.