16 வருஷம் கழித்துத் துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குத் திரும்புகிறீர்களா? துப்பாக்கியை இப்படித் தேர்ந்தெடுங்கள்

தொடக்கக் கல்லூரியில் இணைப்பாட நடவடிக்கையாகச் சுட்டுவிட்டு, தேசிய சேவை, படிப்பு, வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று ஓடி, நாற்பதை நெருங்கும்போது "மறுபடியும் சுடலாமா" என்று கேட்கிறவர்கள் நிறைய. நானும் அந்தக் கூட்டம்தான். 2018 காமன்வெல்த் போட்டியில் சிங்கப்பூர் வீராங்கனை மார்ட்டினா வெலோசோ 10 மீட்டர் ஏர் ரைஃபிளிலும் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) 50 மீட்டரில் படுத்துச் சுடுவதிலும் தங்கம் வாங்கியதைப் பார்த்ததும் பழைய அரிப்பு கிளம்பிவிட்டது. ரேஞ்சுக்குள் திரும்பிக் கால்வைத்த முதல் வாரமே என்ன துப்பாக்கி வாங்குவது என்று மனசுக்குள் முடிவும் செய்துவிட்டேன். நல்லவேளை, இங்கே நினைத்தவுடன் வாங்கிவிட முடியாது.

ஏனென்றால் சிங்கப்பூரில் ஏர் ரைஃபிளும் சட்டப்படி துப்பாக்கிதான். காவல்துறை உரிமம் இல்லாமல் வெளிநாட்டுக் கடையில் ஆர்டர் போட்டால் வம்பை விலைக்கு வாங்கிய மாதிரி. கிளப்பில் சேருங்கள், மற்றதெல்லாம் அவர்கள் வழியாகவே நடக்கட்டும். காசு கொடுத்து வாங்கினாலும் அது ரேஞ்சின் ஆயுதக் கிடங்கில்தான் இருக்கும், வீட்டில் வைத்து அழகு பார்க்க முடியாது. உரிமத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் கிளப் துப்பாக்கியால் மூன்று மாதமாவது சுடுங்கள். எந்தப் போட்டி என்பதில் ரொம்ப யோசிக்க வேண்டாம், 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ஆரம்பியுங்கள். ஆண்களுக்கான 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டி 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்தே போய்விட்டது, அதற்கு வேண்டிய .22 வெடிமருந்துக் குண்டுக்கு ஆகும் செலவு தனி.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். அந்தக் காலத்தில் நான் சுட்டது கிளப்பின் பழைய ஃபைன்வெர்க்பாவ் 603, ஒவ்வொரு குண்டுக்கும் காற்றை அழுத்தப் பக்கத்து நெம்புகோலை இழுத்து மூட வேண்டும். இப்போது போட்டியில் பார்ப்பதெல்லாம் அழுத்தக் காற்று சிலிண்டர் வைத்தவை: வால்தர் எல்ஜி400, ஃபைன்வெர்க்பாவ் 800, ஆன்ஷுட்ஸ் 9015, ஸ்டெயர் இப்படி. இவற்றில் எது துல்லியம் என்ற விவாதத்தில் இறங்காதீர்கள். எல்லாமே உங்களையும் என்னையும்விட நன்றாகச் சுடும். கேள்வி ஒன்றுதான்: எது உங்கள் உடம்போடு ஒட்டுகிறது? அதுவும் இன்றைய உடம்போடு, 18 வயதில் இருந்ததோடு அல்ல.

இதைச் சோதிக்க ஒரு வழி. குண்டு போடாமல் சுடும் கோட்டில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்குங்கள். இடது முழங்கையை இடுப்பெலும்பில் ஊன்றி, பட் பிளேட்டை (துப்பாக்கியின் பின்முனைத் தகடு) தோளில் பதித்து, கன்னத்தைச் சாய்த்து, இரண்டு மூச்சு விட்டபின் கண்ணைத் திறங்கள். கண்ணுக்கு அருகில் உள்ள பின் சைட்டின் (குறிபார்க்கும் கருவி) துளை நடுவில் முன் சைட்டின் வளையம் தானாக வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். கன்னத்தை அழுத்தித்தான் பார்க்க முடிகிறதென்றால் சீக் பீஸ் (கன்னம் சாயும் பலகை) உயரம் அதிகம், கன்னம் பிடிமானம் இல்லாமல் மிதக்கிறதென்றால் குறைவு. கழுத்தை முன்னே நீட்டித் தேடினால் பின் சைட் தூரத்தில் இருக்கிறது, கொஞ்சம் பின்னால் தள்ளுங்கள். இதையெல்லாம் திருகித் திருகிச் சரிசெய்தும் ஒரு துப்பாக்கி ஒத்துவரவில்லை என்றால், அது எவ்வளவு பேர்பெற்றதாக இருந்தாலும் விடுங்கள். எனக்கு அப்படித்தான் ஆனது. ஆசைப்பட்ட அலுமினிய ஸ்டாக் (தோளிலும் கையிலும் தாங்கும் உடற்பகுதி) என் குட்டைக் கைக்குச் சேரவே இல்லை, ஓரமாகக் கிடந்த மர ஸ்டாக் முதல் தடவையே பொருந்தியது.

எடையில் வீம்பு வேண்டாம். விதிப்படி உச்சம் 5.5 கிலோ. கனமாக இருந்தால் ஆட்டம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டும் (பெண்களுக்கு முன்பு 40, 2018 முதல் அவர்களுக்கும் 60), நாற்பதாவது குண்டில் இடுப்பு கதறும். எடையைக் கூட்டும் கட்டைகளைக் கழற்றிவிட்டு ஆரம்பித்து, மாதத்துக்கு ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழைய துப்பாக்கி வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது காற்று சிலிண்டர். அதில் தயாரித்த தேதி பொறித்திருக்கும், வழக்கமாக 10 வருஷம்தான் ஆயுள். என் நண்பர் ஒருவர் மலிவு என்று விலை பேசி முடித்தபின் பார்த்தால், கூட வந்த இரண்டு சிலிண்டரும் காலாவதி. போட்டியில் துப்பாக்கியைச் சோதிக்கும்போது "எனக்குத் தெரியாது" என்றால் செல்லாது. அப்புறம், 20 குண்டுகளின் வேகத்தை அளக்கச் சொல்லுங்கள். நொடிக்கு 170 மீட்டரை ஒட்டி, ஏறக்குறைய ஒரே அளவாக வர வேண்டும். ஏறி இறங்கினால் காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரிலோ காற்றுக் கசியாமல் தடுக்கும் சீலிலோ கோளாறு. நம் ஊர் ஈரப்பதத்துக்குக் குழல் வாயில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்தும் பார்த்துவிடுங்கள்.

பெல்லட்டில், அதாவது ஏர் ரைஃபிள் குண்டில், கஞ்சத்தனம் செய்யாதீர்கள். நாம் சுட்ட காலத்தில் தகுதிச் சுற்றில் இலக்கின் நடுவில் பட்டால் பத்தென்றால் பத்து, அதன் ஓரத்தைத் தொட்டாலும் பத்துதான். 2013 முதல் தசமக் கணக்கு, 10.0-க்கும் 10.9-க்கும் இடையில் கிட்டத்தட்ட ஒரு புள்ளி ஓடிவிடுகிறது. இலக்கில் பத்தைக் குறிக்கும் நடுப்பொட்டோ அரை மில்லிமீட்டர்தான். துப்பாக்கியைக் கிடுக்கியில் பூட்டி நாலைந்து ரகம் சுட்டுப் பார்த்து, துளைகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழும் ரகத்தை, அதே தயாரிப்பு எண்ணில், மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பட்ஜெட்டைப் பொறுத்தவரை, கையில் இருப்பதெல்லாம் துப்பாக்கிக்கே போய்விடக் கூடாது. பழைய ஜாக்கெட் இப்போது பொத்தான் பூட்டாது, பூட்டினாலும், துணி எவ்வளவு விறைப்பு என்று அளக்கும் இன்றைய சோதனையில் தேறுமா என்பது சந்தேகம். கண்ணும் பழைய கண் இல்லை. எனக்கு முன் வளையம் புகைமூட்டம் மாதிரி தெரிந்தபோது துப்பாக்கியைத்தான் முதலில் குறை சொன்னேன். கண்ணாடிக் கடையில் முன் சைட் தூரத்தைச் சொல்லி அதற்கேற்ற லென்ஸ் ஒன்று போட்டதும் வளையம் கறுப்பாக, கூர்மையாக வந்து நின்றது.