கில்லி முட்டைக்குத் தண்ணீர் வேண்டாம், நார்த்தூள் போதும்

கில்லி என்பது தொட்டியில் வளர்க்கும் சிறு மீன். அதில் ஒரு வகையான கார்ட்னரி கில்லியின் முட்டைகளை, அது முட்டையிடத் தொட்டியில் தொங்கவிட்ட அக்ரிலிக் உல்லன் நூல் கொத்திலிருந்து விரலால் எடுத்து, ஈரமான தேங்காய் நார்த்தூள் மேல் 3 வாரம் மூடி வையுங்கள். நார்த்தூளைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, சொட்டு வடியாத அளவுக்குப் பிழிந்திருக்க வேண்டும். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முட்டைக்குள் குஞ்சின் கண், பொன் வளையத்தோடு தெரிந்ததும் 2 செ.மீ. தண்ணீர் ஊற்றுங்கள். பெரும்பாலும் அன்றே பொரிந்துவிடும்.

தண்ணீரிலேயே விட்டால் கெட்டு வெள்ளையான ஒரு முட்டையின் பூஞ்சை பக்கத்து முட்டைகளுக்கும் தாவும். வெவ்வேறு நாளில் பொரிவதால், முந்திப் பிறந்தவை பிந்தியவற்றைத் தின்றுவிடும். நார்த்தூளில் இரண்டுமே குறையும்.

நோத்தோபிராங்கியஸ் என்ற இன்னொரு கில்லி வகைக்கு 3 வாரம் போதாது, மாதக்கணக்கில் ஆகும். நம்மூர் கோடு போட்ட கில்லிக்கு இது தேவையில்லை. தண்ணீரிலேயே சுமார் 2 வாரத்தில் பொரியும்.