தோட்டப்புற வானில் விண்மீன் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட நகரங்களில் வானத்தைப் பார்க்கத் தொடங்குவோர் ஏமாந்து போவதற்கு மேகம் மட்டும் காரணமன்று. வேறு நாட்டு வானத்துக்காக எழுதப்பட்ட குறிப்புகளை அப்படியே நம்புவதும் காரணமாகும். துருவ விண்மீனை வைத்துத் திசை அறியச் சொல்வார்கள். இங்கு அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 5 பாகை உயரத்திலேயே நிற்பதால், செம்பனை மரங்களுக்கு அப்பால் மறைந்துவிடுகிறது. மே மாத நடுவில், இரவு பத்து மணியளவில் தெற்கே நிமிர்ந்து நிற்கும் தென்சிலுவை விண்மீன் கூட்டத்தைத் தேடுவதே பயன் தரும்.

விண்கல் மழையில்தான் இந்தத் தவறு மிகுதி. ஆகஸ்ட் மாதப் பெர்சியட் மழையில் மணிக்கு நூறு விண்கற்கள் என்று செய்தி வரும். அந்தக் கணக்கோ, அவை புறப்படுவதாகத் தோன்றும் புள்ளி நம் தலைக்கு நேர்மேலே இருந்து, வானமும் முற்றிலும் இருண்டிருந்தால் மட்டுமே பொருந்தும். நம் ஊரில் அப்புள்ளி நள்ளிரவுக்குப் பிறகே எழுந்து, விடியும் வரையிலும் வடக்கே தாழ்வாகவே இருப்பதால், முன்னிரவில் திடலில் பாய் விரித்துக் காத்திருப்பது வீண். மே 6 வாக்கில் உச்சமடையும் ஈட்டா அக்குவாரிட் மழை, ஹாலி வால்நட்சத்திரத்தின் தூசியால் உண்டாவது. வட நாட்டாரைவிட நமக்கு நன்றாகத் தெரியக்கூடிய அதனை, அதிகாலை நான்கு மணிக்கு மேல் கிழக்கே பார்க்க வேண்டும்.

புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) தமிழ்நாட்டிலிருந்து வரும் கிரகண நேரத்தோடு இரண்டரை மணி நேரத்தைக் கூட்டினால் போதும் என்று எண்ணுவதும் பிழையே, ஏனெனில் நிலா எழும் நேரமும் ஊருக்கு ஊர் மாறும். 2026 மார்ச் 3 சந்திர கிரகணத்தில் முழு மறைவு மலேசிய நேரப்படி இரவு 7.04 முதல் 8.03 வரை என்பதால், கணக்குப்படி சென்னையில் நிலா எழுமுன்னரே அது முடிந்துவிடும்; இங்கோ நிலா முழு மறைவிலேயே எழும்.

தொலைநோக்கிப் பெட்டியில் 525 மடங்கு பெரிதாக்கும் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். 60 மில்லிமீட்டர் வில்லைக்கு 120 மடங்கே பயனுள்ள எல்லை. தொடக்கத்துக்கு 7x50 (7 மடங்கு பெரிதாக்கும், 50 மில்லிமீட்டர் வில்லை கொண்ட) பைனாகுலரே மேல் என்பது என் கருத்து. எதை வாங்கினாலும், பனி படிந்த கருவியை உடனே உறையிலிட்டு மூடினால் நம் ஈரக் காற்றில் வில்லையில் பூஞ்சை பிடித்துவிடும். நன்றாக உலரவிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் காற்றுப் புகாத பெட்டியில் வைக்க வேண்டும்.