ஊர்ச் சாமான்: ஓலை, பனங்கட்டி, கைத்தறி

வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தவர்கள், திரும்ப விமானம் ஏறுவதற்கு முதல்நாள் ஊர்ச் சாமான் வாங்கக் கடைக்குப் போனால், மிஞ்சிக் கிடப்பதுதான் கைக்கு வரும். ஓலைப் பெட்டி இழைப்பவரிடம் சொல்லிச் செய்விக்க நாள் வேண்டும், செய்ததைக் காயவிடவும் நாள் வேண்டும். ஆகவே ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே தேடத் தொடங்குங்கள். "யாழ்ப்பாணம்" என்று அச்சடித்த குவளையும் காந்த வில்லையும் எங்கே செய்தவை என்று கேட்டால் கடைக்காரரே பல தடவை சொல்ல மாட்டார். அந்தக் காசை ஊரில் செய்த பொருளுக்குக் கொடுங்கள்.

முதலிடம் பனையோலைக்கு. பாரம் இல்லை, உடையாது. யாழ் நகரச் சந்தையிலும் சுன்னாகம், சாவகச்சேரிச் சந்தைகளிலும் கிடைக்கும். பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் விற்பனை நிலையங்களிலும் பார்க்கலாம். இழைப்பவரின் வீட்டுக்கே போக முடிந்தால் அதுவே நல்லது. அளவு சொல்லிச் செய்விக்கலாம், காசும் நேரே அவர் கைக்குப் போகும். அங்கே பேரம் பேசாதீர்கள். குருத்தோலை வெட்டி, காயவைத்து, வார்ந்து, இழைத்து, விளிம்பு கட்டும் வேலை அத்தனையும் அந்த விலைக்குள் இருக்கிறது.

காட்சிக்கு வைக்கும் பூக்கூடையை விட வீட்டில் புழங்கும் பொருளை எடுங்கள். நீத்துப்பெட்டி (புட்டு அவிக்கும் கூம்புப் பெட்டி), சுளகு (முறம்), மூடியுள்ள சின்னப் பெட்டி, கொட்டைப்பெட்டி (காசும் வெற்றிலையும் வைக்கும் சின்ன ஓலைப் பை) என்று எத்தனையோ இருக்கின்றன. வெளிநாட்டில் பிறந்த பிள்ளை நீத்துப்பெட்டியில் அவித்த புட்டைத் தின்று வளர்ந்தால், நீத்துப்பெட்டி என்ற சொல்லும் அந்த வீட்டில் நிற்கும்.

நீத்துப்பெட்டி வாங்குவோர் செய்யும் பெரிய பிழை அளவில்தான். பெட்டியின் கூம்பு பானைக்குள் இறங்கி, வாய் பானையின் விளிம்பில் தங்கவேண்டும். இடைவெளி விட்டால் ஆவி பக்கத்தால் போய்விடும், புட்டு அவியாது. புறப்படுமுன் உங்கள் வீட்டுப் பானையின் வாய் விட்டத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து குறித்துக்கொண்டு போங்கள். சமையலுக்கு எடுப்பது சாயம் போடாத ஓலையாக இருக்கட்டும். முதல்முறை வெறும் பெட்டியை ஆவியில் வைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிறகு மாவைப் போடுங்கள். ஒவ்வொரு முறையும் கழுவிக் காற்றில் முழுதாகக் காயவிட வேண்டும். ஈரத்தோடு அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

எந்த ஓலைப் பொருளையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். இழை நெருக்கமாக இருக்கவேண்டும். மூலையை விரலால் அழுத்தினால் ஓலை வெடிக்கக் கூடாது. முதலில் பழுதாவது விளிம்பு என்பதால், அதைக் கட்டிய நார் இறுக்கமா, முடிச்சு எங்கே முடிகிறது என்று கவனியுங்கள். சாயம் போட்டதென்றால் ஈரமான வெள்ளைத் துணியால் ஒருதரம் துடையுங்கள். நிறம் துணியில் ஏறினால் அது உங்கள் உடுப்பிலும் ஏறும். நுண்ணிய துளையும் கீழே மாப்போன்ற தூளும் கண்டால் உள்ளே பூச்சி இருக்கிறது, வாங்க வேண்டாம்.

பொதி கட்டுமுன் வெயிலில் காயவிட்டு, நன்றாக ஆறவிடுங்கள். பொலித்தீனில் இறுக்கிக் கட்டினால் மிச்ச ஈரம் உள்ளேயே வேர்க்கும், ஆகையால் கடதாசியிலோ துணியிலோ சுற்றுவதே நல்லது. பெட்டிக்குள் மடித்த உடுப்பை அடைத்தால் நசியாது. பாயை ஒருபோதும் மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். காய்ந்த ஓலை மடித்த இடத்தில் முறியும்.

தின்பண்டத்தில் பனங்கட்டிக்குத்தான் (பனைவெல்லம்) கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் சீனி கலப்பது அதில்தான். சுத்தமான பனங்கட்டி கடும் மண்ணிறமாக, சற்று மென்மையாக, புகைமணத்தோடு இருக்கும். உடைத்த முகத்தில் பளபளக்கும் மணிகளும் வெளிறிய நிறமும் கல்லுப்போன்ற கடினமும் சேர்ந்து இருந்தால் சந்தேகப்படுங்கள். கரைத்தால் அடியில் கொஞ்சம் வெள்ளைப் படிவு நிற்பது கலப்படம் அல்ல. பனையில் இறக்கும் கருப்பணி (பதநீர்) புளிக்காதபடி, அதைச் சேர்க்கும் முட்டிக்குள் பூசிய சுண்ணாம்பு அது. குட்டான் என்னும் சின்ன ஓலைப் பெட்டியில் வருவது பார்க்க அழகு, ஆனால் பனங்கட்டி காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். ஆகவே ஓலைக்கு எதிர்மாறாக, இதைக் குட்டானோடு காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள்.

பனாட்டு, ஒடியல், புழுக்கொடியல் மூன்றும் பருவத்துக்குரியவை. பனம்பழம் விழுவது ஆடி, ஆவணியை ஒட்டி. பழத்தின் களியைக் காயவைத்துச் செய்யும் பனாட்டு அதன் பிறகு. பனங்கிழங்கு மார்கழி, தைக் காலத்தது. அதைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பருவம் தப்பிப் போனால் பழைய இருப்பைத்தான் தருவார்கள், எப்போது செய்தது என்று கேளுங்கள். பனாட்டில் ஒரு துண்டைக் கடித்துப் பாருங்கள். வெளியில் காய்வதால் மண் ஒட்டியிருக்கக் கூடும்; பல்லில் நறநறக்கவும் கூடாது, புளித்த மணமும் வரக்கூடாது. ஒடியல் வளைந்தால் போதிய அளவு காயவில்லை, சட்டென்று முறியவேண்டும்.

மிளகாய்த்தூள் அரைப்பிப்பதென்றால் மில்லிலிருந்து வந்த சூட்டோடு கட்டாதீர்கள். கடதாசியில் பரப்பி ஆறவிட்டு, இரட்டைப் பையில் அடைத்து, கையில் கொண்டுபோகாமல் பெரிய பொதிக்குள் வையுங்கள்.

கிழக்குப் பக்கம் போனால் அம்பாறை மாவட்டத்தின் மருதமுனைக் கைத்தறியைத் தவறவிடாதீர்கள். சாரம் (லுங்கி), சேலை இரண்டும் நெய்கிறார்கள். துணியின் இரு கரையோரத்தையும் பாருங்கள்: தறியில் துணியை அகட்டிப் பிடிக்கும் ஊசி குத்திய சின்னத் துளைகள் வரிசையாகத் தெரிந்தால் அது கைத்தறிக்கு நல்ல அடையாளம். நூலுக்குச் சாயமிட்டு நெய்த துணியில் முன்புறமும் பின்புறமும் நிறம் ஒன்றாக இருக்கும்; அச்சிட்டதில் பின்புறம் வெளிறும். முதல் இரண்டு மூன்று தடவை குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசுங்கள்.

அம்மம்மா வீட்டுப் பரணில் ஏட்டுச்சுவடியோ பழைய சிலையோ இருந்தால், குடும்பச் சொத்து என்று நினைத்துப் பெட்டியில் வைக்காதீர்கள். தொல்பொருள்களை அனுமதிப்பத்திரம் இல்லாமல் இலங்கையிலிருந்து வெளியே கொண்டுபோவது சட்டத்துக்கு மாறானது. ஏட்டைப் படம் பிடித்துக்கொண்டு போகலாம். கடற்கரையில் விற்கும் பவளப்பாறைத் துண்டும் ஆமை ஓடும் வேண்டவே வேண்டாம்.

போய் இறங்கும் நாட்டின் விதியையும் பார்க்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கும் பிரித்தானியாவுக்கும் இலங்கையிலிருந்து இறைச்சி, நெய், தயிர் கொண்டுபோக முடியாது. விதை, கன்று, மண் ஒட்டிய கிழங்கு எல்லா இடத்திலும் சிக்கல். அவுஸ்திரேலியாவில் ஓலை, மரம், உணவு எல்லாவற்றையும் படிவத்தில் குறிப்பிடுங்கள்; குறிப்பிட்டால் பரிசோதித்து விடக்கூடும், மறைத்தால் தண்டம். பரிசோதகர் கேட்டால் உடனே திறந்து காட்ட வசதியாக இவற்றை ஒரே பையில் மேலாக வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒடியலையும் சின்ன ஓலைப் பொருட்களையும் காற்றுப்புகாத பையில் கட்டி நான்கு நாள் உறைபெட்டியில் வைத்தெடுங்கள். வெளியே எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஓலையில் தண்ணீர் கோர்க்கும்.