அணுக்கழிவு பற்றிப் பேசும்போது நாம் சறுக்கும் இடங்கள்

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் மாமா ஒருவர் எனக்கு உண்டு. ஒரு கல்யாணப் பந்தியில் அணுக்கழிவைப் பூமிக்கடியில் புதைப்பது பற்றிப் பேச்சு வந்தது. எல்லோரும் "உள்ளேயே வெடிச்சிருச்சுன்னா?" என்று கேட்க, இவர் மட்டும், "வெடிக்கிறது கெடக்குதுங்க மாப்ளே, ஊத்துத் தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்றார்.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அணுகுண்டுக்கு வேண்டிய செறிவும் அமைப்பும் கழிவில் கிடையாது, அது குண்டு மாதிரி வெடிக்காது. அதில் இருப்பது சூடும் கதிர்வீச்சும். அதிலுள்ள கதிரியக்கப் பொருள் வெளியே வர ஒரு வாகனம் வேண்டும், அந்த வாகனம் பெரும்பாலும் தண்ணீர்தான்.

சினிமாவில் வருகிற பச்சைத் திரவம் நிரம்பிய பீப்பாயை முதலில் மறந்துவிடுங்கள். உலையிலிருந்து எடுத்த எரிபொருள் திடமான வில்லைகள். நம் நாட்டில் அதை அப்படியே புதைப்பதும் திட்டமில்லை. யுரேனியத்தையும் புளுட்டோனியத்தையும் பிரித்தெடுத்துவிட்டு, மிஞ்சும் கடுமையான கழிவை போரோசிலிகேட் கண்ணாடியோடு உருக்கி எஃகுக் கலனில் ஊற்றுகிறார்கள். டிராம்பே, தாராப்பூர், கல்பாக்கம் மூன்று இடத்திலும் இதற்கான ஆலைகள் இருக்கின்றன.

அப்புறம், 'ஆழத்தில் போட்டால் தண்ணியே இருக்காது' என்று சொல்வார்கள். ஆயிரம் அடி போர் போட்டுத் தண்ணீர் எடுக்கிற நம்மிடமே இதைச் சொல்வது வேடிக்கை. பின்லாந்தின் ஓன்கலோ சுரங்கத்தில் கழிவை வைக்கப்போகும் ஆழம் சுமார் 430 மீட்டர், அதாவது 1,400 அடி, பல்லடம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் யாரிடம் சொன்னாலும் "இவ்வளவுதானுங்களா" என்பார். பாறை ஏறக்குறைய 190 கோடி வருஷத்துப் பழசு. ஆனாலும் பாறையில் இடுக்கு உண்டு, இடுக்கில் நீர் உண்டு என்பது கட்டியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பாறையை மட்டும் நம்பாமல், வார்ப்பிரும்புக் கூட்டுக்கு மேல் 5 சென்டிமீட்டர் கன செம்புக் கலன், அதைச் சுற்றி பென்டோனைட் களிமண் என்று அடுக்கடுக்காகப் போகிறார்கள். இந்தக் களிமண் நம் கரிசலுக்குப் பங்காளி. மழை பெய்தால் ஊதிப் பெருத்து, வெயிலில் பாளம் பாளமாக வெடித்து, கட்டின வீட்டின் சுவரையே கீறிவிடுமே, அதே ஊதும் குணம்தான் அங்கே நனைந்ததும் இடைவெளியை அடைத்து நீரோட்டத்தைத் தடுக்கிறது.

அரை ஆயுள், அதாவது கதிரியக்க அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், இந்த விஷயத்தில் படித்தவர்களும் தவறுகிறார்கள். 'புளுட்டோனியம்-239இன் அரை ஆயுள் 24,000 வருஷம், அதனால் பயங்கரம்' என்பது பாதி உண்மைதான். ஒரே எண்ணிக்கை அணுக்களை எடுத்துக்கொண்டால், அரை ஆயுள் குறைந்ததுதான் நொடிக்கு நொடி அதிகம் கதிர் வீசும். கழிவில் இருக்கும் சீசியம்-137க்கு அரை ஆயுள் 30 வருஷம். 30 வருஷம் கழிந்தால் தீர்ந்தது என்றும் நினைக்க வேண்டாம், பாதிதான் குறைந்திருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 வருஷம் ஆகும்.

எனக்கு ரொம்பக் கோபம் வருவது இந்த அடுத்த தவறில்தான். எங்கள் அத்தை கோயம்புத்தூரில் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்துவிட்டு வந்தபோது, பேரனை மடியில் வைக்கக்கூடாது என்று சொந்தக்காரர்களே தடுத்தார்கள். அவருக்குக் கொடுத்தது லீனாக் என்ற துகள் முடுக்கியில். எலக்ட்ரானை வேகப்படுத்தி உலோகத்தில் மோதவிட்டு எக்ஸ்-கதிர் எடுக்கும் இயந்திரம், சுவிட்சை அணைத்தால் கதிரும் நின்றுவிடும், உடம்பில் எதுவும் தங்காது. அயோடின்-131 மருந்து வாய்வழி கொடுத்தால் கதை வேறு, அங்கே பொருளே உடம்புக்குள் போகிறது, கொஞ்ச நாள் தள்ளி இருக்கச் சொல்வது நியாயம். கதிர் படுவது ஒன்று, கதிரியக்கப் பொருள் உள்ளே போவது வேறொன்று. பாவம், அந்தப் பையன் ஒரு மாசம் அப்பத்தாவைக் கதவோரம் நின்றே பார்த்தான்.

அணுசக்திக்காக வாதாடுகிறவர்களும் சளைத்தவர்கள் இல்லை. 'வாழைப்பழத்திலும் கதிரியக்கம் இருக்கு' என்பார்கள். இருக்கிறது, பொட்டாசியம்-40. ஆனால் உடம்பு பொட்டாசியத்தை ஓர் அளவில்தான் வைத்துக்கொள்ளும், மிச்சத்தை வெளியேற்றிவிடும். கோபிக் கதலியைச் சீப்புச் சீப்பாகத் தின்றாலும் அளவு ஏறாது, ஆகவே அதைக் கழிவோடு ஒப்பிடுவது ஏமாற்று. ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டில் ஓக்லோ என்ற இடத்தில், ஏறக்குறைய 200 கோடி வருஷத்துக்கு முன் இயற்கையாகவே ஓடிய அணு உலைகளை 1972இல் கண்டுபிடித்தார்கள். அங்கே புளுட்டோனியம் இடம்விட்டு நகரவில்லை, அதனால் புதைப்பது பத்திரம் என்று மட்டும் சொல்லி, தப்பிப்போன அயோடினையும் வாயுக்களையும் விட்டுவிடுவதும் அதே ரகம்.

பாறை, கலன், களிமண் என்று எல்லாவற்றையும் கணக்குப் போட்டுவிட்டு மனுஷன் செய்யும் தவறைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் உண்டு. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உப்புப் படிவத்துக்கு உள்ளே சுமார் 650 மீட்டர் ஆழத்தில் ஒரு கழிவுக் கிடங்கு இருக்கிறது. 2014 பிப்ரவரியில் அங்கே ஒரு பீப்பாய் சூடேறித் திறந்துகொண்டது. கழிவின் ஈரத்தை உறிஞ்சப் பூனைக்குப் போடும் களிமண் குருணையைக் கலப்பது வழக்கம், அந்தத் தடவை கோதுமையில் செய்த குருணையைக் கலந்துவிட்டார்கள், அது நைட்ரேட் உப்போடு சேர்ந்து வேலையைக் காட்டிவிட்டது. கிடங்கு ஏறக்குறைய மூன்று வருஷம் மூடிக் கிடந்தது.

மாமாவிடம் இதைச் சொன்னேன். "சிமெண்ட்டுக்குப் பதிலா மாவைக் கலந்த கொத்தனாராட்ட இருக்குதுங்களே" என்றார்.