எக்ஸிமா அடங்கி இருக்கற நாள்ல என்ன பண்ணணும்

எக்ஸிமா, அதான் தோல் வறண்டு அரிச்சுத் தடிக்கற கரப்பான், இருக்கறவங்க வீட்டு ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பாத்தா பாதி தீந்த ட்யூப் நாலஞ்சு கெடக்கும், மூடி தொலைஞ்சது ஒண்ணு, எக்ஸ்பைரி ஆனது ஒண்ணு, எந்த டாக்டர் எப்ப எழுதுனதுன்னே தெரியாதது ஒண்ணு. கிளம்புனா தடவறது, அடங்குனா தூக்கி வெச்சுடறது, மறுபடி கிளம்புனா அதே ட்யூப் இல்லன்னா வேற டாக்டர், இப்படியே வருஷக்கணக்கா ஓடுது நெறைய பேருக்கு. எனக்கு சின்ன வயசுல இருந்து இருக்கு, இப்ப என் பொண்ணுக்கும் இருக்கு. நான் டாக்டர் கெடையாது, ஆனா ஒண்ணு மட்டும் அடிச்சு சொல்வேன், இதுக்கு முக்காவாசி வைத்தியம் அரிக்காத நாள்லதான் நடக்குது.

ஏன்னா தோல் பாக்க நல்லா ஆயிடுச்சுன்னா உள்ளயும் சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. எக்ஸிமாக்காரங்க தோல்ல மேல் அடுக்கு இறுக்கமா இருக்காது, ஈரம் வெளிய போயிட்டே இருக்கும், வெளிய இருக்கற தூசு, சோப்பு, கிருமி எல்லாம் சுலபமா உள்ள வரும். சிலருக்கு இது பிறப்புலயே வர்றது, ஃபிலாக்ரின்னு ஒரு புரதம், அதோட ஜீன்ல கோளாறு இருந்தா எக்ஸிமா வர வாய்ப்பு அதிகம்னு 2006-லயே கண்டுபிடிச்சுட்டாங்க. மேல தடிப்பு மறைஞ்சப்புறமும் அந்த எடத்துல அடியில அழற்சி கொஞ்சம் மிச்சம் இருக்கும், ஒரு நாள் வேர்வை, ஒரு நாள் புது சோப்பு, அவ்ளோதான், பழைய எடத்துலயே திரும்ப கிளம்பும். அதான் முழங்கை மடிப்பு, முட்டிக்குப் பின்னாடி, கழுத்து, மணிக்கட்டுன்னு அதே எடமா வருது.

முதல்ல அது எக்ஸிமாதானான்னு ஒரு தடவையாவது தோல் டாக்டர்கிட்ட காட்டி உறுதி பண்ணிக்கோங்க. அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிகள்ல தோல் ஓபி இருக்கு, காசு இல்லன்னு தள்ளிப் போட வேண்டாம். வீட்ல ரெண்டு மூணு பேருக்கு சேந்து ராத்திரியில அரிக்குது, விரல் இடுக்குல பொரிப்பொரியா இருக்குன்னா அது சிரங்கா இருக்கலாம், வட்டமா ஓரம் மட்டும் தடிச்சுப் பரவுனா படர்தாமரையா இருக்கலாம், ரெண்டுக்கும் மருந்தே வேற. இன்னொண்ணு, நெட்ல எக்ஸிமா போட்டோ தேடுனா எல்லாம் வெள்ளைத் தோல், செக்கச் செவேல்னு இருக்கும். நம்ம தோல்ல அப்படி சிவக்காது, கருப்பா, சாம்பல் பூத்த மாதிரி, சில சமயம் ஊதா கலந்த நிறத்துல வரும், பொடிப்பொடியா புள்ளியாவும் வரும். அதனால கண்ணை நம்பாதீங்க, விரலை நம்புங்க. தினமும் ராத்திரி க்ரீம் தடவும்போது வழக்கமா வர்ற எடத்துல விரல் நுனியை மெதுவா ஓட்டிப் பாருங்க, கிளம்பறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே அந்த எடம் மட்டும் சொரசொரன்னு தட்டுப்படும், லேசா சூடாவும் இருக்கும். அப்பவே ஆரம்பிச்சா சின்னதுல முடியும்.

இப்ப மாய்ஸ்சரைசர். எல்லாருக்கும் தெரியும், ஆனா யாரும் போதுமான அளவு போடறதில்ல. இங்கிலாந்துல டாக்டர்களுக்கு வைத்திய முறை வகுத்துத் தர்ற நைஸ் (NICE) அமைப்போட வழிகாட்டுதல்ல எக்ஸிமா இருக்கற கொழந்தைக்கு வாரத்துக்கு 250 கிராம்ல இருந்து 500 கிராம் வரை போடச் சொல்றாங்க, வாரத்துக்கு, மாசத்துக்கு இல்ல. நம்ம வீட்ல 100 கிராம் ட்யூப் ரெண்டு மாசம் வருதுன்னா நாம தடவல, காட்டிட்டு வெச்சுட்டோம்னு அர்த்தம். அதனால விலை ஒசந்த க்ரீமை சொட்டு சொட்டா போடறத விட, கை கூசாம அள்ளிப் போடற மாதிரி விலை கம்மியானது வாங்குங்க. வாசனை இல்லாததா இருக்கணும், அது மட்டும் கட்டாயம். லிக்விட் பாரஃபின், ஒயிட் சாஃப்ட் பாரஃபின் போட்ட சாதா க்ரீம், இல்ல வெறும் பெட்ரோலியம் ஜெல்லி, இதெல்லாம் நல்லாவே வேலை செய்யும். லோஷன்ல தண்ணி ஜாஸ்தி, சீக்கிரம் காஞ்சுடும், ஆயின்மென்ட் ரொம்ப நேரம் நிக்கும் ஆனா நம்ம வெயில்ல பிசுபிசுன்னு வேர்க்கும். நான் பண்றது பகல்ல க்ரீம், ராத்திரி ஃபேனுக்கு அடியில ஆயின்மென்ட். டப்பால இருந்து எடுக்கறதா இருந்தா கையை விட்டு அள்ளாதீங்க, சுத்தமான ஸ்பூன் ஒண்ணு அதுக்குன்னே வெச்சுக்கோங்க, இல்லன்னா கையில இருக்கற கிருமி டப்பால சேரும்.

குளிச்ச உடனே துண்டால ஒத்தி எடுத்துட்டு, தேய்க்காம, தோல் ஈரமா இருக்கும்போதே மூணு நிமிஷத்துக்குள்ள தடவிடணும். பாத்ரூம்லயே டப்பாவை வெச்சுட்டா வேலை சுலபம், வெளிய வந்து டிரெஸ் தேடி போன் பாத்துட்டு தடவலாம்னா தோல் காஞ்சிருக்கும். முடி வளர்ற பக்கமா மேலிருந்து கீழ தடவுங்க, எதிர்ப்பக்கமா தேச்சா மயிர்க்கால்ல பொரி வரும். ஒரு எச்சரிக்கை, பாரஃபின் கலந்த க்ரீம் துணியில ஊறிடும், அந்தத் துணி சட்டுன்னு தீப்பிடிக்கும், துவைச்சாலும் முழுசா போகாது. அடுப்புப் பக்கம், குத்துவிளக்குப் பக்கம், தீபாவளி அன்னிக்கு மத்தாப்பு பக்கம் ஜாக்கிரதை.

எண்ணெய் கேக்காம இருக்க மாட்டீங்க. தேங்காய் எண்ணெய், அதுவும் செக்குல ஆட்டுனது, பரவால்ல, எக்ஸிமாவுக்கு அது உதவுதுன்னு சின்னச் சின்ன ஆராய்ச்சி இருக்கு, தோல்ல இருக்கற ஸ்டாஃபிலோகாக்கஸ்ங்கற பாக்டீரியாவையும் கொறைக்குது. ஆலிவ் ஆயில் வேண்டாம், அது மேல் அடுக்கை இன்னும் பலவீனமாக்குது. எண்ணெய் தேச்சுக் குளிக்கறதுல எனக்கு எண்ணெயை விட அதை எடுக்கப் போடற சீயக்காயும் கடலைமாவும்தான் பிரச்சனையா படுது, கரகரன்னு தேச்சு எடுக்கறப்ப தோலும் சேந்து போகுது. மஞ்சள், வேப்பிலை அரைச்சுப் பூசறதும் அப்படித்தான், வெடிச்ச தோல்ல பச்சையா எதை அப்புனாலும் எரியும். குளியல் தெனமும் ஒரு தடவை, வெதுவெதுப்பா, பத்து நிமிஷத்துக்குள்ள. சோப்பு அக்குள், இடுக்கு, பாதம் இதுக்கு மட்டும் போதும், அதுவும் வாசனை இல்லாத மைல்டான க்ளென்சர். போர் தண்ணி உப்பா இருக்குன்னு நெறைய காசு போட்டு சாஃப்ட்னர் மெஷின் மாட்டச் சொல்வாங்க, கடின தண்ணி இருக்கற ஊர்ல எக்ஸிமா கொஞ்சம் அதிகம்ங்கறது உண்மை, ஆனா இங்கிலாந்துல 300 கொழந்தைகளுக்கு மேல வெச்சு மெஷின் மாட்டிப் பாத்த ட்ரையல்ல எக்ஸிமா அதனால கொறையல, 2011-ல ரிசல்ட் வந்துச்சு. அந்தக் காசுக்கு க்ரீம் வாங்கலாம்.

சரி, ஸ்டீராய்டு, அதாவது அழற்சியை அடக்கற மருந்து. இங்க ஜனங்க ரெண்டு கட்சி. ஒரு கட்சி அந்தப் பேரைக் கேட்டாலே ஓடும், டாக்டர் பத்து நாள் போடச் சொன்னா ரெண்டு நாள் பட்டும் படாம தடவிட்டு நிறுத்திடும், எக்ஸிமா பாதியில நிக்கும், திரும்ப கிளம்பும், கடைசியில கணக்குப் பாத்தா ஒழுங்கா போட்டவங்களை விட அதிகமா போட்டிருப்பாங்க. இன்னொரு கட்சி மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கி மாசக்கணக்குல மூஞ்சியில தடவும். ரெண்டுமே கெடுதல். ஸ்டீராய்டுலயே ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் லேசானது, மொமெட்டாசோன் நடுத்தரத்துக்கு மேல, க்ளோபெட்டசால் ரொம்ப பவர். உள்ளங்கையில போடச் சொன்னதை கண் இமையில போடக்கூடாது, இமைத் தோல் மெல்லிசு, கண்ணுல பிரஷர் ஏறலாம், புரை விழலாம். எந்த எடத்துக்கு எது, எத்தனை நாள்ங்கறதை சீட்டுல எடம் வாரியா எழுதித் தரச் சொல்லுங்க, டாக்டர் அவசரத்துல இருந்தாலும் கேளுங்க.

அளவுக்கு ஒரு கணக்கு இருக்கு. பெரியவங்க ஆள்காட்டி விரல் நுனியில இருந்து முதல் மடிப்புக் கோடு வரைக்கும் ட்யூபைப் பிதுக்குனா அது கிட்டத்தட்ட அரை கிராம், பெரியவங்களோட ரெண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு, விரலோட சேத்து, அது போதும். மூணுல இருந்து அஞ்சு வயசு கொழந்தைக்கு ஒரு முழுக்கைக்கு ரெண்டு விரல் அளவு, ஒரு முழுக்காலுக்கு மூணு. விரல்ல வெள்ளையா புழு மாதிரி நீளமா நிக்கறதைப் பாத்தா முதல்ல அய்யோ இவ்ளோவான்னு இருக்கும், அவ்ளோதான் வேணும், முழங்கை மடிப்புல புள்ளி வெச்சு மெதுவா பரப்புனா ஒரு பளபளப்பு மட்டும் தெரியணும். மாய்ஸ்சரைசரும் இதும் ஒண்ணு மேல ஒண்ணு உடனே போடாதீங்க, நடுவுல ஒரு இருபது முப்பது நிமிஷம் விடுங்க, இல்லன்னா மருந்து கரைஞ்சு மத்த எடத்துக்கும் பரவிடும்.

எப்ப நிறுத்தறதுங்கறதுதான் முக்கியம். அரிப்பு நின்னவுடனே இல்ல, சொரசொரப்பு போய் விரல்ல வழவழன்னு ஆகணும், அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு நாள். மாசா மாசம் அதே எடத்துல கிளம்புதுன்னா வீக்கெண்ட் தெரபின்னு ஒண்ணு இருக்கு, அதை டாக்டர்கிட்ட கேளுங்க, தோல் நல்லா இருக்கும்போதே வாரத்துல ரெண்டு நாள் மட்டும் அந்தப் பழைய எடங்கள்ல மருந்து தடவறது. கிளம்பறது நல்லாவே கொறையும். மூஞ்சி, இமை, கழுத்துக்கு ஸ்டீராய்டுக்குப் பதில் டாக்ரோலிமஸ் ஆயின்மென்ட் தருவாங்க, ரெண்டு வயசுக்கு மேல 0.03 சதவீதம், பெரியவங்களுக்கு 0.1 சதவீதம். முதல் சில நாள் எரியும், மொளகாய் பட்ட மாதிரி, பயந்து நிறுத்திடாதீங்க, போகப் போக கொறைஞ்சுடும், தோல் அதனால மெலியாது.

மெடிக்கல் ஷாப்ல கேட்டா தர்ற, ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் எல்லாம் ஒரே ட்யூப்ல கலந்த க்ரீம் இருக்கு பாருங்க, அது வேணவே வேணாம். படர்தாமரையா இருந்தா அதுல இருக்கற ஸ்டீராய்டு அதை மறைச்சு உடம்பு பூரா பரப்பிடும். 2018-ல மத்திய அரசு 14 ஸ்டீராய்டு க்ரீம்களை சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு சொல்லியாச்சு, கடையில நடக்கறது உங்களுக்கே தெரியும். அதே மாதிரி லேபிள் இல்லாத மூலிகை டப்பா, ஒரே வாரத்துல மாயமா போயிடும்னு சொல்றது, சந்தேகப்படுங்க. லண்டன்ல 11 சைனீஸ் மூலிகை க்ரீமை டெஸ்ட் பண்ணப்ப 8-ல டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு இருந்துச்சு, 1999-ல வந்த சமாச்சாரம் அது.

சாப்பாடு விஷயத்துல அத்தை, பெரியம்மா எல்லாரும் டாக்டர்தான். கத்திரிக்காய் கரப்பான், கருவாடு கரப்பான், முட்டை கொடுக்காதே, பால் கொடுக்காதே. ஒரு கொழந்தைக்கு ஒரு பொருள் சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள தடிப்பு, வாந்தி, உதடு வீக்கம் வந்தா அது அலர்ஜி, டாக்டர் பாக்கணும். மத்தபடி ஒவ்வொண்ணா நிறுத்திட்டே போனா கொழந்தை இளைக்கும், எக்ஸிமா அப்படியே இருக்கும், ரொம்ப நாள் நிறுத்தி வெச்ச சாப்பாட்டுக்கு புதுசா அலர்ஜி வர்ற ஆபத்தும் இருக்கு. நூறு பொருளுக்கு ரத்த டெஸ்ட் பேக்கேஜும் அப்படித்தான், பாசிட்டிவ்னு வர்ற எல்லாம் காரணம் இல்ல.

அதை விட வேர்வையை கவனிங்க. கத்திரி வெயில்ல பாதி கிளம்பல் வேர்வைதான், வெளிய போய்ட்டு வந்தா சாதா தண்ணியில அலசி ஒத்திட்டு க்ரீம். ஏசியில இருக்கறவங்களுக்கு நேர் எதிர், தோல் காயும், ராத்திரி இன்னொரு தடவை சேத்துப் போடணும். துணி காட்டன், லேபிளை வெட்டி எடுங்க, வாஷிங் மெஷின்ல ஒரு ரின்ஸ் கூட ஓட விடுங்க, கம்ஃபர்ட் வாசனையெல்லாம் வேணாம். கல்யாண வீட்டுக்குப் பட்டுப் பாவாடை கட்டணும்னா ஜரிகை உரசற எடத்துல உள்ள ஒரு காட்டன் ஷிம்மி. பாத்திரம் தேய்க்கற கைக்கு ரப்பர் க்ளவுஸ் மட்டும் போட்டா உள்ள வேர்த்து இன்னும் மோசமாகும், மெல்லிசு காட்டன் க்ளவுஸ் உள்ள போட்டு மேல அது.

ராத்திரி அரிப்புக்கு நகத்தை ஒட்ட வெட்டி, ஓரத்தை ராவி விடுங்க. க்ரீமை ஃப்ரிட்ஜ்ல வெச்சு சில்லுன்னு தடவுனா கொஞ்சம் அடங்கும். சொறியாதேன்னு திட்டறதுல பிரயோஜனமே இல்ல, தூக்கத்துல சொறியறது கொழந்தைக்கே தெரியாது. தூக்கம் வர்ற அலர்ஜி மாத்திரை தூங்க வைக்கும், எக்ஸிமா அரிப்பை அது பெருசா கொறைக்காது. அடங்குனப்புறம் அந்த எடம் வெளுத்தோ கருத்தோ மாசக்கணக்குல இருக்கும், வெண்குஷ்டம்னு பயந்து மருந்தை நிறுத்தாதீங்க, தானா நிறம் திரும்பும்.

மஞ்சளா பொருக்கு கட்டி நீர் வடிஞ்சா கிருமி சேந்திருக்கு, சீக்கிரம் டாக்டரைப் பாருங்க. காய்ச்சலோட ஒரே அளவு சின்னச் சின்ன கொப்புளம் கூட்டமா வந்து, குத்தி எடுத்த மாதிரி புண்ணாச்சுன்னா அது ஹெர்பிஸ் வைரஸ், அன்னிக்கே ஆஸ்பத்திரி, காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க, கண்ணுகிட்ட வந்தா இன்னும் அவசரம்.

இவ்ளோ பண்ணியும் அடங்கலன்னா விதின்னு விட வேண்டாம். லைட் தெரபி இருக்கு, உடம்போட எதிர்ப்பு சக்தியை அடக்கற சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்ஸேட் இருக்கு, அழற்சியைத் தூண்டற ஜேக் (JAK) நொதியைத் தடுக்கற மாத்திரை இருக்கு, டுப்பிலுமேப் ஊசி 2017-ல அமெரிக்காவுல அனுமதி வாங்குனது. ஒவ்வொண்ணுக்கும் ரத்த டெஸ்ட், விலை, பக்க விளைவுன்னு தனிக் கதை, டாக்டர்கிட்ட உக்காந்து பேச வேண்டியது. ஸ்டீராய்டு மாத்திரையை மட்டும் நீங்களா திரும்பத் திரும்ப வாங்கிப் போடாதீங்க, நிறுத்துனவுடனே ரெண்டு மடங்கா கிளம்பும். போகும்போது காலி ட்யூபெல்லாம் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டுப் போங்க, கிளம்புன அன்னிக்கே பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து வெச்சிருங்க, ஏன்னா அப்பாயின்மென்ட் அன்னிக்குன்னு பாத்து தோல் சமர்த்தா இருக்கும், டாக்டரும் ஒண்ணும் இல்லையேன்னு அனுப்பிடுவார்.